உப்பு எங்கிருந்து வந்தது?

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் மலர்களில் ஒரு கட்டுரை தவறாமல் இடம்பெற்று வருகிறது. தலைப்பு மாறும், எழுதுபவர் மாறுவார், பொருள் மட்டும் மாறுவதில்லை. பண்டைத் தமிழ்ச் சிற்றூர் தனக்கு வேண்டிய அனைத்தையும் தானே விளைத்து, தானே நெய்து, தானே வனைந்து, எவரிடமும் கையேந்தாமல் வாழ்ந்ததென்றும், எல்லைக் கல்லுக்கு அப்பால் முடியரசுகள் எழுந்தாலும் வீழ்ந்தாலும் அவ்வூர் அசையாது நின்றதென்றும், சந்தையும் பணமும் வாணிகமும் பிற்காலத்தில் அயலார் கொணர்ந்த நோய்களென்றும் அக்கட்டுரை கூறும். இறுதியில் ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பொன்னுலகை விட்டு வயிற்றுப்பாட்டுக்காக வெளியேறிய நாம் வேரற்றவர்கள் என்னும் கழிவிரக்கமும் உடன் வரும்.

இக்கருத்தை மறுப்பதற்கென்றே நாம் இதை எழுதுகிறோம். மரியாதைக்குரிய பெரியவர்கள் பலர் இதனை நம்பி எழுதியிருக்கிறார்கள் என்பதை அறிவோம். அவர்கள் தமிழ்ப்பற்றில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அவர்கள் எழுதியது வரலாறு அன்று. அது நம் மண்ணில் முளைத்த கருத்தும் அன்று. கல்கத்தாவில் அமர்ந்து கவர்னர் ஜெனரலின் ஆலோசனை அவைக்குக் குறிப்பெழுதிய ஓர் ஆங்கில அதிகாரியின் கருத்து அது.

சார்லஸ் மெட்காஃப் என்னும் அவ்வதிகாரி 1830ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பில், இந்தியச் சிற்றூர்கள் சின்னஞ்சிறு குடியரசுகள் என்றும், தமக்கு வேண்டிய ஏறத்தாழ எல்லாவற்றையும் தம்முள்ளேயே கொண்டவை என்றும் குறித்தார். அவர் நன்கறிந்திருந்தது தில்லியைச் சூழ்ந்த பகுதி. காவிரிக்கரை ஊரொன்றின் கல்வெட்டை அவர் படித்திருக்க வழியில்லை. அன்று அவை படிக்கப்படவுமில்லை. வரி யாரிடம், எவ்வகையில் தண்டுவது என்னும் வழக்கிலே தம் கட்சிக்கு வலுச்சேர்க்க எழுதப்பட்ட அந்தக் குறிப்பு, பிறகு இலண்டனில் இந்தியாவைக் காணாமலே இந்தியாவைப் பற்றி எழுதியோர் அனைவர்க்கும் மூலவேதம் ஆயிற்று. கார்ல் மார்க்ஸ் 1853இல் நியூயார்க் செய்தித்தாள் ஒன்றுக்கு எழுதிய கட்டுரைகளில் இதே அசையாச் சிற்றூரைக் காண்கிறோம். அவர் அதனை இகழ்ந்தார் என்பது ஒன்றே வேறுபாடு. பின்னர் நம் தேசிய இயக்கத்தார் அதே படத்தை எடுத்துப் பொற்சட்டமிட்டு மாட்டினர். ஆளவந்தவன் எழுதியதை மார்க்சியரும் காந்தியரும் ஒருசேரக் கடன்வாங்கியது நம் அறிவுலகின் விந்தைகளுள் ஒன்று. 1948 நவம்பர் 4ஆம் நாள் அரசியல் நிர்ணய அவையில் அண்ணல் அம்பேத்கர் மெட்காஃபின் இக்கூற்றை எடுத்துக்காட்டிக் கடுமையாகச் சாடினார். அவர் சாடியதற்கான காரணத்துக்குப் பின்னர் வருவோம்.

முதலில் ஓர் எளிய வினா. சேலத்து மேட்டு நிலத்திலோ கோலார்ச் சீமையிலோ உள்ள ஒரு சிற்றூர்க்கு உப்பு எங்கிருந்து வந்தது?

உப்பு விளைவது கடற்கரையில். கடலைக் காணாத ஊரில் உலையில் இடும் உப்பு எவனோ ஒருவன் தலைச்சுமையாகவோ பொதிமாட்டின் மேலோ வண்டியிலோ கொணர்ந்தது. அவ்வாறு கொணர்ந்த உமணரைச் சங்கப் பாடல்கள் வண்டியோடும் எருதோடும் குடும்பத்தோடும் காட்டுகின்றன. அது இடைக்காலத்துக்கும் ஓராயிரம் ஆண்டு முந்திய நிலை. உப்பை விடுக. ஏரின் கொழுவுக்கு இரும்பு வேண்டும். தஞ்சை வண்டலில் இரும்பு இல்லை. துணிக்குப் பருத்தி வேண்டும். நீர்நின்ற நஞ்சையில் பருத்தி விளையாது. மிளகு மேலைமலைச் சரிவிலிருந்து வரவேண்டும். சோழ மண்டலத்தின் சிற்றூர்க் கோயில்களில் இன்று நாம் வணங்கும் செப்புத் திருமேனிகளை நினைத்துப் பாருங்கள். காவிரி வண்டலில் செம்பும் கிடையாது, ஈயமும் கிடையாது; கருவறை எழுப்பக் கருங்கல்லுங்கூடக் கிடையாது. தன்னிறைவு பெற்ற சிற்றூர் தன் இறைவனையே வெளியூர்ச் சரக்கைக்கொண்டு வார்த்திருக்கிறது.

உப்பையும் இரும்பையும் எவரோ கொண்டுவந்து வாசலில் நெல்லுக்கு மாற்றிச் சென்றனர், அது வாணிகம் ஆகாது என்று சிலர் மறுமொழி கூறுவர். நெல்லை அளந்து உப்பை வாங்குவது விலைகூறல் இல்லையாயின் வேறென்ன? காசு கைமாறினால்தான் வாணிகம் என்பது நகரத்து வங்கியில் வேலை பார்ப்பவரின் எண்ணம். ஆயினும் அவர்கள் கேட்கும் காசையே காட்டுவோம்.

உத்தரமேரூரை அறியாத தமிழர் உண்டா? முதற் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919ஆம் ஆண்டினதும் 921ஆம் ஆண்டினதும், நம் மலர்களில் எத்தனை முறை அச்சேறின என்பதற்குக் கணக்கில்லை. சிற்றூர்க் குடியரசுக்குச் சான்றாக அதையே எடுத்துக்காட்டுவர். சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று மூன்றைச் சொல்லி மேடையில் கைதட்டல் பெறுவர். அதே கல்வெட்டில் பொன் வாரியம் என்று ஒன்றிருப்பதை ஏனோ விரைந்து கடந்துபோவர். பொன்னின் மாற்றைப் பார்ப்பதற்கு ஒரு வாரியம்! அவ்வூரின் பிறிதொரு கல்வெட்டு பொன்னை உரைத்துப் பார்ப்பவர்களை எவ்வெப் பிரிவினரிலிருந்து தெரிந்தெடுப்பது என்றே விதிக்கிறது. எண்ணெய் வாணிகராகிய சங்கரப்பாடியார் அதில் இடம்பெறுகின்றனர். எவரிடமும் எதையும் வாங்காத, எவர்க்கும் எதையும் விற்காத ஊருக்கு உரைகல் எதற்கு? ஊருக்குள் வந்த பொன் பல கைகள் மாறி, பல மாற்றோடு வந்தது. அதில் ஏமாறாதிருக்கச் சபை ஆள் வைத்தது. குடவோலையைப் போற்றுவோர் அதே கல்லில் நாலு வரி தள்ளிப் படித்தால் போதும்.

வரிப்பெயர்களும் இதையே கூறுகின்றன. பல்லவர் செப்பேடுகளில் பிரமதேயமாகக் கொடுக்கப்பட்ட ஊர்களுக்கு நீக்கப்பட்ட இறைகளின் பட்டியல் உண்டு. செக்கு, தறி, தட்டுக்காயம் ஆகியவற்றோடு தரகும் அதில் உண்டு. தரகர் இல்லாத ஊருக்குத் தரகு வரியை நீக்கி எந்த மன்னனும் செப்பேடு வெட்டமாட்டான். சோழர் காலத்தில் அங்காடிப் பாட்டம் வருகிறது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்றில், காஞ்சிபுரத்தில் கோலால் நிறுப்பனவற்றுக்கும் காலால் அளப்பனவற்றுக்கும் பெற்ற கூலி ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு உரித்தாக்கப்பட்டது. சந்தை நாளில் தராசுக்காரனும் படிக்காரனும் வாங்கும் கூலியை நாம் அறிவோம். அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயது.

காஞ்சி மாநகரம் ஆயிற்றே, அது சிற்றூரா என்று வினவலாம். நியாயமான வினா. சோழர் காலத்தில் 'நகரம்' என்பது இன்று நாம் கருதும் பெருநகர் அன்று. வாணிகர் கூடி வாழ்ந்து தம் காரியத்தைத் தாமே நடத்திய ஊர்க்கும் அவ்வூர் அவைக்கும் அது பெயர். அவற்றுள் பல இன்று பார்த்தால் பத்துத் தெருவும் தேறாத ஊர்கள். வேளாளர்க்கு ஊர், பிராமணர்க்குச் சபை, வணிகர்க்கு நகரம். இவை எல்லாம் ஒரே நாட்டின் எல்லைக்குள், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இல்லாவிடினும் ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் இருந்தன. கென்னத் ஹால் என்னும் அமெரிக்க அறிஞர் 1980இல் வெளியிட்ட நூலில் நாட்டுக்கொரு நகரம் என்னும் முறையில் சந்தை ஊர்கள் அமைந்திருந்தன என்று வாதிட்டார். இக்கணக்கு எல்லா நாட்டுக்கும் ஒரேபடியாகப் பொருந்தாது என்று பின்வந்தோர் திருத்தினர். திருத்தியோரும் ஊர்களுக்கிடையே சரக்கு ஓடியதை மறுக்கவில்லை. பேராசிரியர் சம்பகலட்சுமியும் பேராசிரியர் சுப்பராயலுவும் பிறரும் பல்லாண்டு உழைத்துக் கல்வெட்டுகளிலிருந்து திரட்டிய செய்திகள் நூல்களாக வெளிவந்து நெடுங்காலம் ஆயிற்று. நம் மலர்க் கட்டுரையாளர்கள் இன்னும் மெட்காஃபிலேயே நிற்கின்றனர்.

கோயிலும் அங்காடியும் எவ்வாறு பிணைந்திருந்தன என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் ஒரு கணக்கை வைத்திருக்கிறது. முதலாம் இராசராசன் பிள்ளையார்க்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைக்க வேண்டி 360 காசை முதலாகத் தஞ்சை வாணிகரிடம் வைத்தான். திரிபுவனமாதேவிப் பேரங்காடியாரும் அவர்களுள் அடங்குவர். காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு வட்டி. ஆக 45 காசு. காசுக்கு 1,200 பழம். பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 54,000 பழம், 360 நாளுக்கு நாளொன்றுக்குச் சரியாக 150. பொருட்காட்சியில் வைக்கத்தக்க கணக்கு இது. வாழைப்பழம் தஞ்சை அங்காடித் தெருவில் காய்ப்பதில்லை. சுற்றியுள்ள சிற்றூர்த் தோட்டங்களிலிருந்து தலைச்சுமையாகவும் வண்டியாகவும் ஆண்டு முழுவதும் தவறாது வந்தாலன்றி இக்கணக்கு ஒரு நாளும் நடவாது. அத்தோட்டக்காரன் தன்னிறைவு பெற்றவனாக வீட்டில் அமர்ந்திருந்தால் பிள்ளையார் பட்டினி.

இனி, சந்தைச் சரக்கின் விரிவைக் காண வேண்டின் பிரான்மலைக்குச் செல்லவேண்டும். இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள அம்மலையடிவாரக் கோயிலில், 13ஆம் நூற்றாண்டளவில், பல நாட்டு வணிகர் கூடித் தம் சரக்கின்மேல் தாமே ஒரு தொகையை விதித்துக்கொண்டு கோயிலுக்கு அளித்தனர். எதெதன்மேல் விதித்தனர் என்பதைக் கல்லில் வெட்டினர். உப்பு, நெல், அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, வெங்காயம், கடுகு, சீரகம், நெல்லிக்காய், இரும்பு, பருத்தி, நூல், புடைவை, மெழுகு, தேன் என்று சந்தைக்குச் சென்று திரும்பும் இல்லத்தரசியின் கூடையைப்போலத் தொடங்கும் பட்டியல், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், கவரிமயிர் என்று ஏறி, குதிரையிலும் யானையிலும் போய் நிற்கிறது. வெங்காயமும் யானையும் ஒரே பட்டியலில்! காட்டோர மலையூர் ஒன்றன் வழியாக இவையெல்லாம் சென்றன. தன் வயலுக்கு அப்பால் ஒன்றும் அறியாத உழவன் பிரான்மலைப் பக்கத்தில் இருந்திருப்பானாயின், அவன் கண்ணைக் கட்டிக்கொண்டு வாழ்ந்தவனாக இருத்தல் வேண்டும்.

அப்பட்டியலை வெட்டுவித்தோர் யார்? அவர்கள் ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுவினர். நானாதேசித் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று தம்மை நீட்டி அழைத்துக்கொண்ட இவர்கள் தமிழ்க் கல்வெட்டுகளில் ஐயப்பொழில் பரமேசுவரியின் மக்களாகத் தம்மைக் கூறிக்கொள்வர். ஐயப்பொழில் என்பது ஐகொளெ. இன்றைய கருநாடக மாநிலத்துப் பாகல்கோட்டை மாவட்டத்தில் உள்ளது. தமிழ் பேசிய வணிகன் கன்னட நாட்டு ஊரொன்றின் தாயைத் தன் தாயென்று கல்லில் எழுதினான், எழுத நாணவில்லை. பெங்களூரில் வாழும் நமக்கு இச்செய்தி எத்துணை வேண்டப்படுவது என்பதை 1991ஆம் ஆண்டின் காவிரிக் கலவர நாட்களில் கதவை அடைத்துக்கொண்டு இருந்த குடும்பங்கள் அறியும். பம்பாயில் 1960களின் பிற்பகுதியில் தென்னிந்தியர்க்கு எதிராக எழுந்த கூச்சலைக் கேட்டவர்களும் அறிவர். 'நீங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்' என்று ஒருவன் கூறும்போது, 'ஆம் ஐயா, எங்கள் முன்னோர் ஊரைவிட்டு ஒருநாளும் அசையாதவர்கள், நாங்கள்தாம் கெட்டுப்போய் வந்துவிட்டோம்' என்று விடைகூறும் வரலாற்றையே நம் மலர்கள் நமக்குக் கற்பித்து வருகின்றன. வந்து போவதும் தங்குவதும் இத்தென்னாட்டின் இயல்பு. வந்தவன் கன்னடனாகவும் இருந்தான், தெலுங்கனாகவும் இருந்தான், தமிழனாகவும் இருந்தான் என்றே கல்வெட்டுகள் கூறுகின்றன.

ஐந்நூற்றுவரின் பெயர் பெருந்துறைமுகங்களில் மட்டும் ஒலித்ததன்று. புதுக்கோட்டைப் பகுதியில் முனிசந்தை என்னும் ஊரில் ஓர் ஏரியே அவர்கள் பெயரால் வழங்கியது. ஊரின் பெயரிலேயே சந்தை ஒலிப்பதை நோக்குக. இதன் மறுமுனையில், சயாம் நாட்டுத் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு அவனிநாரணம் என்னும் குளத்தை மணிக்கிராமத்தார் காவலில் வைக்கிறது. மணிக்கிராமத்தார் கொடும்பாளூரிலும் இருந்தனர். 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் கொல்லத்திலும் தோன்றுகின்றனர். சுமத்திராத் தீவின் பாரூசில் உள்ள 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, துறைக்கு வரும் மரக்கலத் தலைவர் முதலானோர் கத்தூரி விலையை ஒட்டிப் பொன் செலுத்திய பின்னரே உள்ளே வரலாம் என்று ஐந்நூற்றுவர் விதித்ததைக் கூறுகிறது. பாரூசு கற்பூரத்துக்குப் பேர்பெற்ற துறை. சோழ நாட்டுக் கோயிலில் திருமஞ்சன நீரில் இட்ட கற்பூரம் கடல்கடந்தே வந்தது. அதனை வாங்கிய ஊரைத் தனித்தியங்கும் ஊர் என்று எவ்வாறு கூறுவது?

சிற்றூர் ஒன்று சந்தை ஊராக மாறும் முறையையும் நாம் அறிவோம். சென்னைக்கு அண்மையில் உள்ள காட்டூரும், மதனபள்ளிப் பக்கத்துப் பாசினிகொண்டாவில் கூறப்படும் சிறாவள்ளியும் வணிகர் கூடி முடிவுசெய்து வீரபட்டினமாக, எறிவீரபட்டினமாக ஆக்கப்பட்டவை. அங்கே குடியிருப்போர்க்குச் சில தண்டல்களிலிருந்து விலக்கு அளித்தனர். வழியில் கொள்ளையர்க்கு எதிராக எறிவீரர் காத்தனர். முதற் குலோத்துங்கன் சுங்கந் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றதை எண்ணிப் பாருங்கள். சுங்கம் நாட்டு மக்களைத் தொட்டிராவிடில், அதைத் தவிர்த்ததற்காக ஒரு மன்னனை நாடே வியந்து பெயரிட்டு அழைக்குமா?

இவ்விடத்தில் எதிர்ப்பக்கத்தார்க்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறோம். சந்தை சொர்க்கம் அன்று. ஐந்நூற்றுவர் கையில் வாளும் இருந்தது. அவ்வாள் கொள்ளையரை மட்டும் வெட்டியது என்று உறுதி கூற இயலாது. சோழர் காலக் கல்வெட்டுகளில் நெல்லும் நிலமும் விற்கப்பட்டதுபோல மனிதரும் விற்கப்பட்டனர்; ஆள்விலைப் பிரமாணம் என்றே அதற்கு ஆவணப் பெயர் வழங்கியது. பஞ்சத்தில் தம்மையும் தம் மக்களையும் கோயிலுக்கு விற்றுக்கொண்டோர் உண்டு. வாணிகத்தைப் புகழ்ந்து இதனை மறைப்போமாயின் நாமும் மற்றொரு பொன்னுலகக் கதையையே எழுதியவர் ஆவோம்.

ஆனால் தன்னிறைவுச் சிற்றூர்க் கதை மறைப்பது இதனினும் பெரிது. யாருடைய நிறைவு அது? உழவனுக்குக் கொல்லன் உண்டு, தச்சன் உண்டு, குயவன் உண்டு, வண்ணான் உண்டு, தோல்வேலை செய்வோன் உண்டு என்று அடுக்கி, ஊர் நிறைந்தது என்று அக்கதை முடிக்கும். நிறைவுக்காக உழைத்தோர் களத்துமேட்டில் அளந்து கொடுத்ததை வாங்கிக்கொண்டு, கொடுத்த இடத்திலேயே, பெரும்பாலும் ஊருக்கு வெளியே சேரியில், தலைமுறை தலைமுறையாக இருந்தனர். அவன் வேறோர் ஊருக்குப் போய் வேறொருவனுக்கு உழைத்தால் ஊரின் தன்னிறைவு குலைந்துவிடும் அன்றோ! அம்பேத்கர் சிற்றூர்க் குடியரசைக் கண்டு உருகாததன் காரணம் இதுவே. வடஆர்க்காட்டிலிருந்து கோலார்த் தங்கவயலுக்குச் சுரங்கத்தில் இறங்கச் சென்றவர்களைக் கேளுங்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தை அடுத்த பத்தாண்டுகளில் தொடங்கி, 2001இல் சுரங்கம் மூடப்படும்வரை, மூன்று நான்கு தலைமுறைகள் அங்கே வாழ்ந்தன. பொன்னுலகை இழந்து வந்தோம் என்று அவர்கள் மலர்க் கட்டுரை எழுதியிருப்பார்களா? 1809இல் பெங்களூரில் பாளையம் அமைந்த நாளிலிருந்து சிப்பாயாகவும் சமையற்காரராகவும் ஒப்பந்தக்காரராகவும் கடைக்காரராகவும் வந்து அல்சூரில் குடியேறிய தமிழர்க்கும் இவ்வினா பொருந்தும். நாம் ஏன் வந்தோம் என்பதற்கு ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு விடை உண்டு. அவ்விடைகளுள் பசி உண்டு, சாதி உண்டு, கடன் உண்டு, ஆசையும் உண்டு. பேராசையால் வேரைப் பிடுங்கிக்கொண்டோம் என்று பிள்ளைகளிடம் பொய் சொல்வதில் என்ன தமிழ்ப்பற்று இருக்கிறது?

வாரச்சந்தையின் பெருமையை மேலும் ஒரு சொல் கூற வேண்டும். அரசன் அவைக்குச் செல்ல இயலாதவனும் கோயிலுக்குள் நுழைய விடப்படாதவனும் சந்தைக்குச் சென்றான். அங்கும் அவனுக்குத் தனியிடம் ஒதுக்கினர் என்பது மெய். எனினும் அவன் கோழிக்கும் அவன் முடைந்த கூடைக்கும் ஒரு விலை அங்கே பேசப்பட்டது. கொங்கு நாட்டில் வாரக்கூலி சந்தை நாளில் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்ததை நம்முள் மூத்தோர் அறிவர். அந்தியூர்க் குருநாதசாமி கோயிலின் ஆடித் திருவிழாவில் குதிரைச் சந்தையும் மாட்டுச் சந்தையும் இன்றும் கூடுகின்றன. காங்கயம் மாடுகளுக்குப் பேர்போன கண்ணபுரத்துச் சித்திரைச் சந்தை மாரியம்மன் தேரோடு சேர்ந்தது. பெங்களூரில் கார்த்திகைக் கடைசித் திங்களன்று பசவனகுடியில் கூடும் கடலைக்காய்ப் பரிசையில் நாமும் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நெருக்குண்டு வருகிறோம். சாமியும் சந்தையும் ஒரே தெருவில் நிற்பது அங்கே எவர்க்கும் முரணாகத் தோன்றுவதில்லை. சாமி கும்பிட வந்தவன் விதைக்கடலை வாங்கிச் செல்வான்; கடலை விற்க வந்தவன் சாமியும் கும்பிட்டுச் செல்வான்.

மகமை என்னும் சொல்லையும் நாம் மறக்கலாகாது. தம் சரக்கின்மேல் தாமே விதித்துக்கொண்டு பொதுக்காரியத்துக்கு ஒதுக்கும் வழக்கம் பிரான்மலையோடு நின்றுவிடவில்லை. விருதுநகரில் நாடார் உறவின்முறையினர் மகமைப் பணத்தால் 1889இல் பள்ளிக்கூடம் எழுப்பினர். அரசின் கையை எதிர்பாராமல் கடைக்காரர் எழுப்பிய பள்ளி அது. சங்கக் கட்டடங்களுக்குச் செங்கல்லும் நூலகத்துக்கு அலமாரியும் எங்கிருந்து வருகின்றன என்பதை நம் செயற்குழுவினர் நன்கறிவர். மளிகைக் கடைக்காரரிடமும் பாத்திரக் கடைக்காரரிடமும் இரசீதுப் புத்தகத்தோடு சென்று நிற்கிறோம். மலரின் கடைசிப் பக்கங்களில் அவர்கள் விளம்பரத்தை அச்சிடுகிறோம். முதற் பக்கங்களில் வாணிகம் தமிழ்ப் பண்பைக் கெடுத்தது என்று கட்டுரை வெளியிடுகிறோம். அக்கடைக்காரர்கள் பொறுமைசாலிகள்.

இறுதியாக ஒன்று. பெங்களூரில் தொம்லூர் என்னும் பகுதியை நம்முள் அறியாதார் இல்லை. அங்கே அலுவலகம் செல்வோர் பலர், வீடு வைத்திருப்போர் பலர். அங்குள்ள சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதை அறிந்தோர் மிகச் சிலர். 1270ஆம் ஆண்டில் அழகியார் என்பவர் இரண்டு கதவுநிலைகள் அளித்ததை ஒரு கல்வெட்டு தமிழில் கூறுகிறது. போசள வீர இராமநாதன் பெயரும் அங்கே உண்டு. அக்கல்வெட்டுகளில் அவ்வூருக்குத் தொம்பலூர் என்பதோடு மற்றொரு பெயரும் வழங்குகிறது: தேசிமாணிக்கப்பட்டணம். ஏரியும் வயலும் சூழ்ந்த ஒரு சிற்றூருக்குப் பட்டணம் என்னும் மறுபெயர் வேளாண்மையால் வராது. தேசி என்னும் சொல் நானாதேசிகளின் நினைவையே நமக்கு எழுப்புகிறது. எழுநூற்றைம்பது ஆண்டுக்கு முன் பொதிமாட்டோடு அங்கே வந்திறங்கியவன் எம்மொழியில் விலை கூறினானோ, அவ்வூரார் தம் தானத்தைத் தமிழில் வெட்டினர்.

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழ் பயிலும் பிள்ளைகளுக்குத் தன்னிறைவுச் சிற்றூர் என்னும் பாடம் இன்னும் நடத்தப்படுகிறது. அதை நீக்கிவிட்டு, அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தொம்லூருக்கு அழைத்துச் செல்லுமாறு ஆட்சிக்குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அக்காலத்து எழுத்து இக்காலத்து எழுத்தினின்று வேறுபட்டது. படிக்கத் தெரிந்த ஒருவர் உடன்வர வேண்டும். நகரப் பேருந்து கோயிலுக்கு அருகிலேயே நிற்கும்.